ஏழாவது விதியும் என் கல்யாணமும்

பழவேற்காட்டு முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டால் இயந்திரம் கொண்டுவந்து தோண்டித் திறந்துவிடலாம். மருந்துக் கடை ரூலு வாயை மூடிக்கொண்டால் எந்த இயந்திரம் வந்தாலும் நடக்காது. சத்தியமாகச் சொல்கிறேன், அடுத்தவர் ரகசியத்தை வருஷக்கணக்கில் கெடாமல் வைத்திருக்கத் தெரிந்த ஒரே மனிதர் இந்த வட்டாரத்தில் அவர்தான். நான் பார்த்தவன். பட்டவனும் நானே!

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெடிக்கல் ஷாப். அவருடைய நிஜப் பெயர் கடைப் பலகையில் இருக்கிறது, யாரும் படித்ததில்லை. மற்ற கடைகளில் சாமி படம் மாட்டுகிற இடத்தில் அவர் மருந்தாளுநர் சங்கத்தின் நடத்தை விதிகளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். மொத்தம் பன்னிரண்டு விதிகள். கீழே மாட்டினால் யாராவது மீன் கையை வைத்துவிடுவார்கள் என்று கூரையை ஒட்டி, அண்ணாந்து பார்க்கிற உயரத்தில். அதற்கு ஒரு பிளாஸ்டிக் மாலையும் சீரியல் பல்பும் வேறு. எதற்கெடுத்தாலும் விரலை மேலே தூக்கி, "ரூல் இருக்கு" என்பார். ஊர் அவருக்கு 'ரூலு' என்று பெயர் வைத்துவிட்டது.

மூன்றாவது விதி, டாக்டர் சீட்டு. கடலுக்குப் போய்விட்டு வந்த அலுப்போடு ஒருவர் வருவார்.

"சாரு, ஒடம்பு வலிக்கு ஒரு செட்டு மாத்திரை குடு."

"சீட்டு?"

"சீட்டு இன்னாத்துக்கு? வலி எனக்குத் தெரியாதா?"

"வலி உங்களுக்குத் தெரியும், மருந்து டாக்டருக்குத் தெரியும். எனக்குச் சீட்டு மட்டும்தான் தெரியும்."

ஐந்தாவது விதி, மருந்தாளுநர் இல்லாத நேரத்தில் கடை நடக்கக் கூடாது. ஆகவே அவர் டீ குடிக்கப் போனால் ஷட்டர் இறங்கும். தும்மல் வந்து மூக்கைச் சிந்தப் போனாலும் இறங்கும். அந்தக் கடகட சத்தத்தைக் கேட்டு மீன் ஏலக்காரர்கள் மணி சொன்னார்கள்.

ஆனால் இதெல்லாம் சும்மா. அவருடைய உயிர் இருந்தது ஏழாவது விதியில்தான். 'நோயாளியைப் பற்றிய எந்த விவரத்தையும் அவருடைய சம்மதமின்றிப் பிறரிடம் தெரிவிக்கக் கூடாது.' எல்லா மருந்தாளுநருக்கும் உள்ள விதிதான். இவர் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்பதைக் கேளுங்கள்! இருமல் மிட்டாய் வாங்கினாலும் ஒரே அளவு காக்கி கவர், அதற்கு இரண்டு ஸ்டேப்ளர் பின். அதோடு விட்டாரா? தெருவில் யாரைப் பார்த்தாலும் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார். வணக்கம் சொன்னால் அவர் தன்னிடம் மருந்து வாங்குகிறவர் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமாம்! ஊரே எதிரில் வந்தாலும் வெளியூர்க்காரர் மாதிரி நடந்து போவார்.

ஒரு தடவை படகுக்காரர் ஒருவர் வந்து கேட்டார். "சாரு, எங்க வூட்டம்மா வந்து சுகர் மாத்திரை வாங்கினு போச்சா?"

"எந்த வீட்டம்மா?" என்றார் ரூலு.

அந்த நேரம் பார்த்து அந்தம்மாவே மீன் கூடையோடு பின்னால் வந்து நின்றது. "இன்னாயா இது? எத்தினி வூட்டம்மா வச்சினு கீற நீ?"

படகுக்காரருக்கு மூன்று நாள் டீக்கடை பன்தான் சாப்பாடு. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அடுத்து என் முறை வரும் என்று யாருக்குத் தெரியும்?

நான் அப்போது அங்கே நண்டு கம்பெனியில் சூப்பர்வைசர். வயது முப்பத்திரண்டு. ஏழு பெண் பார்த்து ஏழும் தட்டிப்போய், எட்டாவதாக எளாவூரில் கோமளா. பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் இவளைத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். அவளுடைய அப்பா, அவள் வாயில் 'நைனா', என்னைப் பற்றி விசாரிக்க பழவேற்காட்டுக்கே வந்து இறங்கினார். டீக்கடையில் நல்ல பெயர். சலூனில் நல்ல பெயர். அதோடு பஸ் ஏறியிருக்கலாம். மனுஷன் மெடிக்கல் ஷாப்புக்குள் நுழைந்தார்! பக்கத்து டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"சார், நண்டு கம்பெனில கண்ணாடி போட்டுக்கினு ஒரு பையன் கீறானே, உங்களாண்ட மருந்து வாங்குவானா?"

"சொல்ல முடியாது."

"அப்ப வாங்குறான்!"

"வாங்குறார்னும் சொல்ல மாட்டேன், வாங்கலைன்னும் சொல்ல மாட்டேன்."

"பெரிய வியாதியா சார்? பொண்ணு குடுக்கப் போறேன். பொழப்பானா, மாட்டானா, அத்தையாவது சொல்லுங்க."

ரூலு, ஏழாவது விதியைப் படித்துக்கொள்ளட்டும் என்று மெதுவாக விரலை மேலே தூக்கிக் காட்டினார்.

தீர்ந்தது கதை! நைனா சட்டத்தைப் பார்த்தாரா? இல்லையே! விரலை மட்டும் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகப் போய் பொன்னேரி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

சாயங்காலமே சுண்ணாம்புக்குளத்துத் தரகரிடமிருந்து போன். "எளாவூர்க்காரரு வேணான்ட்டாருபா. மருந்துக் கடைக்காரரே மேல கையைக் காட்டிட்டாராமே? எனக்காவது சொல்லியிருக்கக் கூடாதா நீ? எத்தினி நாளு குடுத்துக்கீறாங்க?"

மறுநாள் காலையில் ஊர் முழுக்க நான் சாகக் கிடந்தேன். கம்பெனி முதலாளி என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார், அதுவரை அவர் அப்படிச் சொன்னதே கிடையாது. ஏரியில் கையால் நண்டு தடவிப் பிடிக்கிற அஞ்சலையக்கா ஒரு தூக்கு நிறைய நண்டு ரசத்தோடு வந்து, "குடி கண்ணு, குடிக்கிற வரைக்கும் குடி" என்று மூக்கைச் சிந்தியது. ரசம் அருமையாக இருந்தது என்பது வேறு விஷயம். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. கோமளா போய்விட்டாளே!

ஓடினேன் ரூலுவிடம். "சார், என் கல்யாணமே போச்சு சார்! எனக்கு ஒண்ணுமில்லன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார்!"

"நீங்க யாரு?" என்றார்.

கடித்துவிடலாம் போல வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினேன். கடைசியில் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "சம்மதம்னு எழுத்துல குடுங்க." எழுதிக் கொடுத்தேன். நாலு தடவை படித்தார். வெள்ளைக் கோட்டை மாட்டினார். ஷட்டரை இழுத்துப் பூட்டினார். "வாங்க போகலாம்" என்றார். டீக்கும் தும்மலுக்கும் மட்டும் கடையை மூடுகிற மனிதர் ஒரு முழு நாளை எனக்காக மூடினார். மூன்று பஸ் மாறி எளாவூர் போனோம். வழி முழுக்க என்னைத் தெரியாதவர் மாதிரி வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

நைனா வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டே ரூலு ஆரம்பித்தார். நோட்டு கிடையாது, எல்லாம் தலைக்குள். "சம்மதக் கடிதப்படி சொல்றேன். முடி கொட்டுறதுக்கு லோஷன், நாலு பாட்டில். பலன் நீங்களே பாக்கலாம். பூச்சி மாத்திரை, ரெண்டு தடவை. படைக்குக் களிம்பு ஒண்ணு, தடவ வேண்டிய இடம்…"

"சார், இடம் வேணாம் சார்!" என்று கத்தினேன்.

உள்ளே கதவுக்குப் பின்னால் கோமளா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது. என் மானம் எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி ஆந்திராவுக்கே போய்விட்டது.

"இவ்ளோதானா?" நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தை அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா சார் உங்களுக்கு?"

"அன்னிக்கு அவர் எழுதிக் குடுக்கலை. நாளைக்கு உங்களைப் பத்தி ஒருத்தர் வந்து கேட்டா நான் சொல்லலாமா?"

நைனா என்ன யோசித்தாரோ, முகம் மாறிவிட்டது. உள்ளே திரும்பி, "கோமளா, சாருக்கு காபி எட்தா" என்றார். தை மாதம் கல்யாணம்!

கல்யாணத்துக்கு அடுத்த மாதம் மாமனார் பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். "சும்மா, மீன் வாங்கலாம்னு" என்றார். திரும்பிப் போகும்போது பையில் மீன் இல்லை, காக்கி கவர் இருந்தது. இரண்டு பின். அன்றிலிருந்து மாதம் தவறாமல் வருகிறார். ரூலுவிடம் கேட்டுப் பார்த்தேன். "எந்த மாமனார்?" என்றார். (மாமனார் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை.)

போன மழைக்காலத்தில் ஒரு நாள் ஷட்டர் திறக்கவே இல்லை. ரூலுவைப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று சேதி வந்தது. அடித்துப் பிடித்து ஓடினேன். அவருக்குக் குடும்பம் கிடையாது. சொந்தக்காரர் யார் என்று கேட்டபோது நான்தான் என்று கையெழுத்துப் போட்டேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விவரம் சொன்னார். படுக்கையில் இருந்த ரூலு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் பாதிப் பழவேற்காடு அங்கே நிற்கிறது. சீட்டு கேட்டு அவர் திருப்பி அனுப்பியவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். அஞ்சலையக்கா தூக்கோடு முன்னால் வந்தது.

"ரூலுக்கு இன்னாவாம் கண்ணு?"

விரல் தானாக மேலே போகப் பார்த்தது. ஐயோ என்று பாதியில் இறக்கிக்கொண்டேன்.

"எந்த ரூலு?" என்றேன்.

அக்கா ஒரு நிமிஷம் என்னை முறைத்தது. பிறகு சிரித்துவிட்டது. தூக்கை என் கையில் திணித்து, "யாரோ ஒருத்தருக்குக் குடுத்துரு" என்றது. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அவருக்கு என்ன உடம்புக்கு என்று நீங்களும் கேட்காதீர்கள். அவர் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஷட்டர் சத்தம் கேட்டது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் எடை போட்டுக்கொண்டிருந்த நண்டைக் கைதவறிக் காலில் போட்டுக்கொண்டேன். அன்று சாயங்காலம் கடைத்தெருவில் எதிரே வந்தார். வழக்கம்போல அவர் கடந்து போகட்டும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினேன். அவர் நின்றார். ஊரே பார்க்க, நடுத்தெருவில், என்னைப் பார்த்துக் கை குவித்து வணக்கம் சொன்னார்.