நோலீன் வீட்டுக் குளத்தில் உப்புக் குறைவு

மெர்வின் மூன்றாவது மூட்டை உப்பையும் நீச்சல் குளத்தில் கொட்டிவிட்டு, சுவரிலிருந்த பெட்டியை நிமிர்ந்து பார்த்தான். 'உப்புக் குறைவு' என்று சிவப்பு விளக்கு சாவகாசமாக எரிந்துகொண்டிருந்தது.

ஐம்பத்தெட்டு வயதில் இருபது கிலோ மூட்டை தூக்குகிறவன் ஒன்று கூலிக்காரனாக இருக்க வேண்டும், இல்லை காதலில் விழுந்திருக்க வேண்டும். மெர்வின் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். நோலீனிடம் கல்யாணப் பேச்சை எடுத்து இரண்டு வாரமாகிறது. அவள் முடியாது என்று சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்குள் குளம் சரியாகட்டும், அப்புறம் பேசலாம் என்றாள். உப்பிலிருந்து குளோரின் எடுத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற அந்தப் பெட்டி அன்றிலிருந்து அவனுக்கு மாமனார் ஆகிவிட்டது.

சனிக்கிழமை காலையில் பிரிஸ்பேனில் பாதி ஊர் குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு குளச் சாமான் கடையில்தான் நிற்கும். மெர்வினும் போய் நின்றான். கடைக்காரன் கிளைவ் தண்ணீரைச் சோதித்தான், தாடையைச் சொறிந்தான்.

"நோலீன் வீட்டுக் குளமா?"

"ஆமா."

"இன்னும் மூணு மூட்டை போடு."

போட்டான். விளக்கு அசையவில்லை. நோலீன் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "மெர்வ், இதுல இறால் அவிக்கலாம்" என்றாள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

உப்பு கூடிப்போச்சு, பாதித் தண்ணியை வெளியே விடு என்றான் கிளைவ். மெர்வின் குழாயைப் போட்டு விட்டான். உப்புத் தண்ணீர் வேலிக்கு அடியில் புகுந்து பக்கத்து வீட்டுப் புல்தரையைக் கருக்கியது. அந்த வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, மெர்வினின் பரம்பரையையே இழுத்துப் பேசினார். புதுத் தண்ணீர் நிரப்பி மூன்றே நாளில் குளம் பச்சையாகிவிட்டது. தவளைகள் வந்து குடித்தனம் வைத்தன.

"பெட்டியை ஒரு வாரம் அணைச்சு வை. அதுக்கும் ஓய்வு வேணும்ல" என்றான் கிளைவ்.

அணைத்து வைத்தான். குளம் கீரைக் கடைசல் போல ஆனது.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருக்கும்போது மெர்வினுக்கு ரோஷம் வந்தது. இருபது வருஷம் பஸ் ஓட்டினவன், ஒரு பெட்டியிடம் தோற்பதா? அலமாரியைக் குடைந்து, யாரும் பிரித்தே பார்த்திராத கையேட்டை எடுத்தான். முதல் பக்கத்திலேயே இருந்தது. உள்ளே தகட்டில் சுண்ணாம்பு படிந்துவிட்டால், எவ்வளவு உப்புப் போட்டாலும் குறைவு என்றுதான் காட்டுமாம். கழற்றிப் பார்த்தான். கெட்டிலின் அடியில் படிவது போல வெள்ளை வெளேரென்று அப்பியிருந்தது. தண்ணீர் கலந்த ஆசிட்டில் ஊறவைத்துக் கழுவி மாட்டினான். விளக்கு பச்சைக்கு மாறியது. தவளைகளைப் பிடித்து ஓடையில் விட்டான். கடையிலிருந்து குளோரின் தூள் வாங்கிப் போட்டு, இரண்டு நாள் விடாமல் வலை போட்டு அரித்தான்.

மூன்றாம் நாள் குளம் நீலமாகப் பளபளத்தது. நோலீன் காலை நனைத்து, "அடேங்கப்பா" என்று அவன் கன்னத்தில் முத்தம் வைத்தாள். மத்தியானம் வா, பேச வேண்டியதைப் பேசிவிடலாம் என்றாள். மெர்வினுக்குத் தரையில் கால் பாவவில்லை.

கிளைவை வெறுப்பேற்றாமல் விட மனசு வரவில்லை. பாட்டிலோடு கடைக்குப் போய், ராஜா மாதிரி கல்லாமேல் வைத்தான். கிளைவ் சோதித்தான். உப்பு அளவு நாலாயிரம். துல்லியம்.

"உன் பேச்சைக் கேட்டிருந்தா இந்த ஜென்மத்துல சரியாயிருக்காது. இன்னிக்கு மத்தியானம் அவ பதில் சொல்றா" என்றான் மெர்வின்.

கிளைவ் பாட்டிலை ஓரமாக நகர்த்தி வைத்தான். அப்புறம் கடைக் கதவைச் சாத்திவிட்டு, குளிர்பெட்டியிலிருந்து இரண்டு பீரை எடுத்து ஒன்றை மெர்வினிடம் நீட்டினான்.

"அடப்பாவி, அவ உன்னைக் கழட்டி விடாம இருக்கத்தானே நான் தப்புத் தப்பா சொல்லிட்டிருந்தேன். போன வருஷம் நான் சரி பண்ணிக் குடுத்த அன்னிக்கு மத்தியானம்தான் என்னையும் பேசணும்னு கூப்பிட்டா."