ஒழுகாத காருக்கு ஒரு மெக்கானிக்

இந்த ஒரு வார லீவில் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டேன் என்று நம்மாள் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சபதம் போட்டார். வாயில் பிரஷ் இருந்ததால் சபதம் கொஞ்சம் நுரையோடுதான் வந்தது. ஆனாலும் சபதம் சபதம்தானே!

வாயைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தால், வீட்டம்மா அப்போதுதான் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். முகம் பூராவும் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நம்மாள் குளியலறைக்கே திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தார்.

"ஏங்க, அண்ணன் வீடு மாத்துறாராம். உங்களுக்குத்தான் லீவாச்சே, ஒரு வாரம் கூடமாட இருந்துட்டு வருவோம். கார்லயே போயிடலாம். சின்னச் சின்ன சாமானெல்லாம் கார்லயே ஏத்திடலாம்."

"பெரிய சாமான்?"

"அதையும் நீங்கதான் பிடிக்கணும். அண்ணனுக்கு இடுப்பு பிடிச்சிருக்கே!"

மச்சானின் இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வேலை என்றால் பிடித்துக்கொள்ளும், விருந்து என்றால் விட்டுவிடும். அவ்வளவு விவரமான இடுப்பு. அவர் வீட்டில் ஒரு இரும்பு பீரோ இருக்கிறது. தராசில் ஒரு பக்கம் அதையும் மறு பக்கம் யானையையும் நிறுத்தினால், யானை அந்தரத்தில் தொங்கும். போன தடவை வீடு மாற்றியபோது அதை ஒரு பக்கம் பிடித்த நம்மாள், அப்புறம் ரொம்ப நாளைக்கு நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடந்தார்.

'என்னால் முடியாது' என்று நேராகச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். கல்யாணமானவர்கள் கேட்க மாட்டார்கள்.

நம்மாள் யோசித்தார். கார் இல்லையென்றால் பயணம் இல்லை. பயணம் இல்லையென்றால் பீரோ இல்லை. ஆனால் காருக்கோ ஒரு குறையும் கிடையாது. கிழட்டுக் கார்தான், ஆனால் நம்மாள் அதைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவர். அதன் மேல் வெயில் படக்கூடாது என்று வாசலில் ஷெட் போட்டு, அந்த ஷெட்டில் ஒரு விளக்குமாற்றைச் சாத்தி வைக்கக்கூட வீட்டம்மாவுக்கு அனுமதி தராதவர். அப்படிப்பட்ட காருக்குத் தன் கையாலேயே ஒரு நோயை வரவழைக்க வேண்டியதாகிவிட்டது. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன பீரோவால்!

எஞ்சின் ஆயில் கறுப்பாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். சமையலறையில் மீன் பொரித்து மிச்சமிருந்த எண்ணெயில் கொஞ்சம் எடுத்தார். கறுப்பு ஷூ பாலிஷைச் சுரண்டிப் போட்டுக் குழைத்தார். காருக்கு அடியில் படுத்து, எஞ்சினுக்குக் கீழே இருக்கும் தகட்டில் தாராளமாகப் பூசி, தரையிலும் ஒரு குட்டை வரைந்தார். எழுந்து நின்று பார்த்தால் அவருக்கே பகீரென்றது. அவ்வளவு தத்ரூபம்!

"ஐயையோ! இங்க வாயேன்! கார் ஒழுகுதே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு அலறினார்.

வீட்டம்மா வந்தாள், குனிந்து பார்த்தாள்.

"ஏங்க..."

"பேசாத. எனக்கு நெஞ்சு அடைக்குது."

"இல்லீங்க, பூனை ஏன் எஞ்சின் ஆயிலை நக்குது?"

நம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினார். எதிர்வீட்டுப் பூனை கண்ணை மூடிக்கொண்டு, குட்டையின் ஒரு ஓரத்திலிருந்து ரசித்து நக்கிக்கொண்டிருந்தது.

"அது... வாயில்லாத ஜீவன். அதுக்கு என்ன தெரியும்? சூ! சூ!"

"துரத்துனாலும் போக மாட்டேங்குதே."

"பசி வந்தா பத்தும் பறந்து போகும்னு சும்மாவா சொன்னாங்க? விடு. இந்த நிலைமையில வண்டியை எடுத்தா நடுவழியில எஞ்சின் பிடிச்சுக்கும். உங்க அண்ணன் வீட்டுக்குப் போற கொடுப்பினை எனக்கு இல்ல!" என்று கண்ணைத் துடைத்தார். கண்ணீர் நிஜமாகவே வந்தது. விரலில் ஷூ பாலிஷ்.

வீட்டம்மா பூனையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அதுக்கென்னங்க, தெருக்கோடியில மெக்கானிக் இருக்காரே. காட்டுங்க. அவர் சரியில்லன்னு சொன்னா போக வேண்டாம்" என்றாள்.

நம்மாள் உள்ளுக்குள் துள்ளிக் குதித்தார். அவர் அனுபவத்தில் மெக்கானிக் என்றால் இல்லாத வியாதிக்கு ஆபரேஷன் செய்கிறவன். இதை ஆபீஸில் கல்லில் செதுக்காத குறையாகச் சொல்லி வந்தவர் அவர். பதமாக மெதுவாக ஓட்டிக்கொண்டு தெருக்கோடிக்குப் போனார்.

தெருக்கோடி மெக்கானிக் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். டார்ச் அடித்து மேலும் கீழும் பார்த்தார். தகட்டைத் துணியால் துடைத்துவிட்டு, அடியில் வெள்ளைக் காகிதத்தை விரித்து, எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. அப்புறம் அந்தத் துணியை முகர்ந்து பார்த்தார். நம்மாள் முகத்தையும் ஒரு பார்வை பார்த்தார்.

"சார், ஆயில் ஒரு பொட்டு குறையல. ஒழுகல்னா மேலேர்ந்து இறங்கி வரணும். மேலல்லாம் சுக்கு மாதிரி காஞ்சு கிடக்கு. அடியில மட்டும் யாரோ பூசி விட்ட மாதிரி இருக்கு. மீன் வாசனை வேற அடிக்குது."

"நல்லாப் பாருப்பா. எஞ்சினைக் கழட்டிப் பாரேன்."

"நல்லா இருக்கிற எஞ்சினைக் கழட்டுறது பாவம் சார்."

நம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவமாம்! மெக்கானிக் வாயிலிருந்து!

"ஒரு பத்து நாள் வச்சுக்கோயேன். சும்மா நிக்கட்டும்."

"இடத்தை அடைக்கும் சார். வீட்டு போன் நம்பர் எழுதிட்டுப் போங்க, ஏதாவது தோணுச்சுன்னா கூப்பிடறேன்" என்று சொல்லி மெக்கானிக் வண்டியை வெளியே தள்ளிவிட்டார்.

நம்மாள் மனம் தளரவில்லை. ஊரிலேயே பேர்போன ஆள் ஒருவர் இருந்தார். 'கத்தரிக்கோல்' என்று பட்டப்பெயர். ஹாரன் அடிக்கவில்லை என்று போனவனுக்கு எஞ்சினைச் சாக்கில் கட்டிக் கொடுத்த மகான். நம்மாள் கையோடு எடுத்துவந்த மிச்சக் கலவையை வழியிலேயே தகட்டில் இன்னொரு பூச்சு பூசிக்கொண்டு, கோயிலுக்குப் போகிற பக்தியோடு அவரிடம் போனார். கத்தரிக்கோல் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் தட்டினார்.

"ஒண்ணும் இல்ல சார். ஜம்முனு இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

நம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னப்பா இப்படிச் சொல்ற? உன்னை நம்பித்தானே வந்தேன்! பெரிய திருடன்னு சொன்னாங்களே!"

"அதெல்லாம் அந்தக் காலம் சார். இப்ப பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறோம். விசாரிச்சா நாலு பேர் நல்லதா சொல்லணும்ல?"

உலகம் கெட்டுவிட்டது என்று நம்மாள் பொருமினார். ஒரு அவசரத்துக்கு ஒரு அயோக்கியன் கிடைக்கவில்லையென்றால் மனுஷன் எங்கேதான் போவான்! இடுப்பு இப்போதே வலிக்க ஆரம்பித்துவிட்டது. தொங்கிய தலையோடு வீட்டு வாசலில் வந்து இறங்கினால், உள்ளே போன் அடித்தது. வீட்டம்மா எடுத்து, "உங்களுக்குத்தாங்க. தெருக்கோடி மெக்கானிக்" என்று நீட்டினாள்.

"சார், நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். யோசிச்சுப் பாத்தா உள்ளுக்குள்ள ஒரு கசிவு இருக்கும் போலிருக்கு. உடனே கொண்டாந்து விட்டுடுங்க. வெளியூர்லேர்ந்து சாமான் வரணும். ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசமா!" என்று நம்மாள் அலறியதில் பாதி நடிப்பு, பாதி ஆனந்தம். சந்தேகமா? ஒரு துளி இல்லை. மெக்கானிக் மெக்கானிக்காக நடந்துகொண்டால் சந்தேகப்பட என்ன இருக்கிறது? போனை வைத்த வேகத்தில் காரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, சாவியையும் கொடுத்துவிட்டு, விசிலடித்துக்கொண்டே திரும்பினார்.

"அடடா, அண்ணன் ஏமாந்து போவாரே" என்றாள் வீட்டம்மா.

"எனக்கு மட்டும் வருத்தமா இல்லையா? விதி!" என்று சொல்லிவிட்டு நம்மாள் கட்டிலில் போய் விழுந்தார்.

மறுநாள் காலை ஏதோ பெரிய வண்டி உறுமுகிற சத்தம் கேட்டு விழித்தார். லுங்கியை இறுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். காலியாகக் கிடந்த ஷெட்டை ஒட்டி ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. உச்சியில் அந்த இரும்பு பீரோ, சாமி ஊர்வலம் மாதிரி. லாரிக்குப் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. கூரை மேல் மெத்தை, ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டிருக்கும் துடைப்பம், டிரைவர் சீட்டில் மச்சான். நம்மாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். அது அவருடைய கார்! ரிப்பேரில் கிடக்கிற கார்!

"வண்டி தேன் மாதிரி ஓடுது மாப்பிள்ளை!" என்றபடி மச்சான் இறங்கி, இறங்கிய கையோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

நம்மாள் காரைச் சுற்றி வந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தார். அதே நம்பர்தான். வீட்டம்மா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்:

"புது வீட்டுல பூச்சு வேலை இன்னும் முடியலையாம், பழைய வீட்டையும் உடனே காலி பண்ணணுமாம். நீங்க வெளிய போயிருந்தப்ப அண்ணன் போன் பண்ணி, ஒரு மாசம் சாமானை எங்க வைக்கிறதுன்னு தவிச்சார். உங்க ஷெட்டைக் கேட்டா விடுவீங்களா? கார் வெயில்ல நிக்கணுமேன்னு குதிப்பீங்க. அந்த நேரம் பார்த்து மெக்கானிக்கும் கூப்பிட்டார்."

"எதுக்கு?" என்று நம்மாள் ஈனஸ்வரத்தில் கேட்டார்.

"வண்டி நல்லா இருக்கும்மா, சாரைத்தான் யார்கிட்டயாவது காட்டுங்கன்னு சொன்னார். நான்தான் ஒரு பொய் சொல்லி வண்டியை வாங்கி அண்ணன்கிட்ட கொடுங்கன்னேன். மாட்டேன்னு எவ்வளவோ சொல்லிட்டுத்தான் ஒத்துக்கிட்டார். நேத்து சாயங்காலமே அண்ணன் வந்து எடுத்துட்டுப் போயிட்டார். ரொம்ப நம்பிக்கையானவருங்க. இனிமே அவர்கிட்டயே காட்டுங்க."

நம்மாள் ஷெட்டைப் பார்த்தார், காரைப் பார்த்தார், லாரிக்காரர் கயிற்றை அவிழ்ப்பதைப் பார்த்தார்.

"நிக்காதீங்க, கீழ் பக்கம் போய்ப் பிடிங்க" என்றாள் வீட்டம்மா. "இறக்குறப்ப அங்கதான் கனம் வரும்."