கணக்கில் டைல்ஸ் உடையாது

அன்புள்ள தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் நலம்தான். என் முழங்கால்களை மட்டும் அதில் சேர்க்காதே. இருபத்தாறு வருடம் மண்டியிட்டுத் தரைக்கு டைல்ஸ் ஒட்டியவனின் முழங்கால் வேறு எப்படி இருக்கும். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். கட்டிங் மெஷின் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய தொண்டை இது. நான் போனில் ரகசியம் பேசினால் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்கிறார்.

விஷயம் இதுதான். சுண்டெலி என்று நீ பேர் வைத்தாயே, என் மகள், அவள் பதினேழு நாளாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தப்பு முழுக்க என்னுடையது. அதனால் இந்த வருடப் படிப்பு முடிந்ததும் அவளை உன்னிடம் அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். நீ கணக்கு டீச்சர். உன் நிழலில் இருந்தால் உருப்படுவாள், என் நிழலில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். முழுக்கப் படி, பாதியில் சிரிக்காதே.

அவளுடைய பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குத் தேர்வு வைத்து, முதல் இருபது பேரை அடுத்த வருடம் சிறப்பு வகுப்பில் சேர்ப்பார்கள். அந்த இருபதில் ஒருத்தியாக வரவேண்டும் என்று ஒரு வருடமாகப் படித்தாள். தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து விரல் இடுக்கில் சிமென்ட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், நோட்டோடு வந்து நின்றாள். என் படிப்பு எட்டாவதோடு நின்றது உனக்குத் தெரியும். அவளுடைய கணக்குப் பாடத்தில் நான் கடைசியாகச் செய்த உதவி நோட்டுக்கு அட்டை போட்டதுதான். அப்படிப்பட்டவனிடம் அவள் வந்து, “அப்பா, இந்தக் கணக்குல டைல்ஸ் வருது, கொஞ்சம் பாருங்களேன்” என்றால் எனக்கு எப்படி இருக்கும். கையைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

கணக்கு உனக்குத் தெரிந்ததாகத்தான் இருக்கும். முதல் படத்தில் ஒரு டைல். இரண்டாவதில் நடுவில் ஒன்று, நான்கு பக்கமும் ஒவ்வொன்று, ஆக ஐந்து. மூன்றாவதில் ஒவ்வொரு பக்கமும் இன்னும் ஒன்று நீண்டு, ஒன்பது. பத்தாவது படத்துக்கு எத்தனை டைல்ஸ் தேவை, எத்தனையாவது படத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு சூத்திரம் எழுதுக என்று போட்டிருந்தது. “n-ஆவது படம்னு வச்சுக்கலாம்ப்பா” என்றாள். n என்றால் எத்தனை என்று கேட்டேன். “எத்தனையா வேணும்னாலும் இருக்கலாம்.” எத்தனை அறை என்று சொல்லாமல் எந்த வீட்டுக்காரரும் என்னை வேலைக்குக் கூப்பிட்டதில்லை என்றேன். அவள் பொறுமையாகத் தலையை ஆட்டினாள். அப்போதே நான் எழுந்து கை கழுவப் போயிருக்க வேண்டும்.

போகவில்லை. குளியலறை வேலைகளில் மிஞ்சிய சின்ன டைல்ஸை மூட்டையிலிருந்து கொட்டி, கூடத்தில் பத்தாவது படத்தையே அடுக்கிக் காட்டினேன். நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்பது, மொத்தம் முப்பத்தேழு. அந்த நேரம் பார்த்து உன் அண்ணி சமையலறையிலிருந்து சூடான பாத்திரத்தோடு வந்து ஓரத்து டைலில் கால் வைத்தாள். அது வழுக்கிப் போய்ச் சுவரில் மோதி மூலை உடைந்தது. பாத்திரம் தப்பியது, நான் தப்பவில்லை. “வெளியிலதான் தரையைக் கட்டிக்கிட்டு அழறீங்க, வீட்டுலயுமா?” என்றாள். எனக்கோ ஒரே குஷி. “பாத்தியாம்மா? இதுக்குத்தான் வாங்கும்போது பத்து சதவீதம் சேர்த்து வாங்கணும். உடையும், வெட்டும்போது வீணாகும். தேவைன்னு கேட்டா முப்பத்தேழு இல்ல, நாப்பத்தொண்ணு” என்று அடித்துச் சொன்னேன். அவள் உடைந்த டைலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், “சரிப்பா” என்றாள். அந்தச் சரிப்பாவை நான் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் தேர்வில் அதே கணக்கு வந்திருக்கிறது, இருபதாவது படத்துக்கு. முடிவு வந்தபோது இரண்டு மதிப்பெண்ணில் சிறப்பு வகுப்பு போய்விட்டது. எதில் போனது என்று விடாமல் கேட்டதற்கு, “டைல்ஸ் கணக்குல மூணு மார்க் போச்சுப்பா, விடுங்க” என்றாள். நான் விடுகிற ஆளா. மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, சலவை செய்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பையில் ஒரு பெரிய டைலோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

கணக்கு டீச்சர் நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி, விடைத்தாளை எடுத்து நீட்டி, “சார், முதல்ல தாளைப் பாருங்க” என்றார். “தாளை அப்புறம் பாக்கலாம் டீச்சர், நீங்க முதல்ல இந்த டைலைப் பாருங்க” என்றேன். அவர் இன்னொரு தடவை தாளை நீட்டினார். நான் இருபத்தாறு வருட அனுபவத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டு டைலைத் தூக்கிக் காட்டினேன். கை வியர்த்திருந்தது. டைல் நழுவி விழுந்து மூன்றாக உடைந்தது. அதோடு போகாமல் ஆசிரியர் அறைத் தரையிலும் ஒரு டைல் விரிசல் விட்டது. விரிசலைப் பார்த்ததும் எனக்கு வந்த வேலை மறந்துபோய், மண்டியிட்டு விரலால் தட்டிப் பார்த்தேன். மூன்று இடத்தில் உள்ளே சிமென்ட்டே இல்லை, வெறும் பொள்ளல் சத்தம். “யாரு டீச்சர் இதை ஒட்டினது?” என்று தட்டிக்கொண்டே மேசைக்கு அடியில் போய்விட்டேன். அங்கிருந்தபடியே, “இப்பவாவது ஒத்துக்கிறீங்களா, டைல்ஸ்னா உடையும்” என்றேன். டீச்சர் குனிந்து, கோபமே இல்லாமல், “கணக்குல டைல்ஸ் உடையாது சார்” என்றார்.

வெளியே வந்து நிமிர்ந்தால், வாசலில் நோட்டுக்கட்டைச் சுமந்துகொண்டு என் மகள், பின்னால் அவள் தோழிகள் மூன்று பேர். என் இரண்டு முழங்காலிலும் தூசி வட்டமாக ஒட்டியிருந்தது. அவள் நோட்டுகளை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை நானே போய் அந்த டைலை மாற்றிக் கொடுத்தேன். உடைந்தால் இருக்கட்டும் என்று கூடுதலாக இரண்டு கொண்டுபோனேன். அன்றைக்கென்று ஒன்றுகூட உடையவில்லை.

அதற்கப்புறம் அவள் வேறு வேலையாக இருக்கும் நேரம் பார்த்து அவளுடைய புத்தகத்தை எடுத்துப் படித்தேன். ஒன்று, ஐந்து, ஒன்பது. ஒவ்வொரு தடவையும் நான்கு கூடுகிறது. நான்கால் பெருக்கி மூன்றைக் கழித்தால் போதும். n என்பது வீட்டுக்காரர் இன்னும் சொல்லாத அறை எண்ணிக்கை, அவ்வளவுதான். சொன்னதும் போட்டுக்கொள்ளலாம். இருபதுக்கு எழுபத்தேழு வந்தது. வேறு ஏதாவது வராதா என்று மூன்று தடவை போட்டேன். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அதை அவளிடம் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையில் அவளுடைய ஒரு வருட உழைப்பைக் கெடுத்துவிட்டேன். ஆகவே அவளை உன் பிள்ளையாக நினைத்துச் சேர்த்துக்கொள். ஜன்னல் பக்கம் ஒரு மேசை போட்டுக் கொடு. கணக்கில் அவள் எதைக் கேட்டாலும் நீயே சொல், என்னை மட்டும் கேட்கச் சொல்லாதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உன் பிள்ளைகள் நல்ல படிப்போடும், தப்புத்தப்பாகச் சொல்லித்தராத பெரியவர்களோடும் வளர வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். மேசை வாங்காதே.

உன் புது வீட்டுக் கதவு எண்ணை அவள் தன் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். உறையில் எழுத அதைத் தேடிப் புரட்டியபோது, தேர்வுக்கு முதல் நாள் தேதி போட்ட பக்கம் கண்ணில் பட்டது. அதே படம். நான்கால் பெருக்கி மூன்றைக் கழித்த அதே சூத்திரம். விடை முப்பத்தேழு, பக்கத்தில் டீச்சரின் சிவப்பு டிக். காலையில் வகுப்பிலேயே சரியாகப் போட்ட கணக்கைத்தான் சாயங்காலம் தெரியாத மாதிரி என்னிடம் கொண்டுவந்திருக்கிறாள். ஏம்மா என்று கேட்டேன். “வருஷம் பூரா தேடினேன்ப்பா. உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி வந்த கணக்கு அது ஒண்ணுதான்” என்றாள்.

அப்படியானால் தேர்வில் மட்டும் என் பத்து சதவீதத்தைச் சேர்த்து எண்பத்தைந்து என்று ஏன் எழுதினாய் என்றேன். “எழுபத்தேழுன்னுதான் எழுதினேன். அப்புறம் உங்க ஞாபகம் வந்துச்சு. பக்கத்துல, கடையில வாங்கும்போது எண்பத்தஞ்சுன்னு எழுதினேன். ரெண்டு விடை இருந்தா மார்க் கிடையாதாம்.” விடைத்தாளை டீச்சர் இரண்டு தடவை நீட்டினாரே, தங்கச்சி, நான் பார்க்கவில்லையே. இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்றதற்கு, “நீங்கதான் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு இருந்தீங்க” என்றாள். இந்தக் கடிதத்தையும் வாங்கிப் படித்து, பதினேழு நாள் இல்லை, பதினாறு என்று சொன்னாள். அத்தை வீட்டுக்குப் போகமாட்டாளாம். சிறப்பு வகுப்பு போனது போனதுதான், அதை எந்த சிமென்ட் வைத்தும் நான் திரும்ப ஒட்ட முடியாது.

இப்போது இன்னொரு கணக்கோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இதில் டைல்ஸ் இல்லை, தீக்குச்சி அடுக்கிய கட்டங்கள். “இதுக்கு எத்தனை சதவீதம்ப்பா சேர்க்கணும்?” என்று கேட்கிறாள். ஒரு பெட்டியில் எத்தனை குச்சி நமுத்துப்போயிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்றும் சேர்க்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.