அமெரிக்காக்காரருக்கு ஓர் இலை

எனக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கள் என்னை நெட்வொர்க் நிபுணர் என்று நம்புகிறார்கள். பெரிய பெரிய அலுவலகங்களில் ரவுட்டர் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்னூரில் என் அக்கா வீட்டு ஹாலில், சாமி படத்துக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் குட்டி ரவுட்டரை மட்டும் தொட எனக்கு அனுமதி கிடையாது. போன மாதம், வேகம் கம்மியாக இருக்கிறதே என்று லேசாகக் கையை நீட்டினேன். "தம்பி, அது பாட்டுக்குக் கெடக்கட்டுமுங்க. நீங்க காப்பியக் குடிங்க" என்றாள். சாதாரணமாக என்னை 'டேய்' என்று கூப்பிடுகிறவள் அக்கா. அவள் 'ங்க' போட்டால் கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்குப் பழக்கம். காப்பியைக் குடித்தேன்.

காரணம், தொண்ணூறுகளின் கடைசியில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அப்போது ரவுட்டர் எல்லாம் ஏது? கோவை கணபதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு டெலிபோன் லைன். ஹாலில் போன் இருந்தது. அதிலிருந்து ஒரு ஒயரை இழுத்து என் அறையில் மோடத்துக்குக் கொடுத்திருந்தேன். நான் கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருடம். 'படிப்புக்கு' என்று சொல்லித்தான் அப்பாவிடம் அதையெல்லாம் வாங்கினேன் (படிப்புக்கு என்று சொன்னால் அப்பா யானை கூட வாங்கிக் கொடுத்திருப்பார்). நான் இன்டர்நெட்டில் இருந்தால் வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு எங்கேஜ்டு சத்தம் கேட்கும். ஹாலில் யாராவது ரிசீவரை எடுத்தால் என் இணைப்பு அறுந்துபோகும். எங்கள் வீட்டில் அம்மா ஒரு நாளைக்குப் பத்து முறை ரிசீவரை எடுப்பார். பாதிப் பாட்டோடு நின்றுபோன ஃபைல்கள் என்னிடம் ஏராளம்.

ஆமாம், பாட்டுதான். உலகத்தில் எங்கோ இருக்கிற ஒருவனின் கம்ப்யூட்டரிலிருந்து நேராக என் கம்ப்யூட்டருக்குப் பாட்டு இறக்கும் மென்பொருள் அப்போதுதான் வந்திருந்தது. பதிலுக்கு நம்மிடம் இருப்பதை யாரும் எடுத்துக்கொள்ளலாம். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. பெரியப்பா மகன் கல்யாணக் கேசட்டிலிருந்து நானே கம்ப்யூட்டரில் ஏற்றிய அரை மணி நேர நாதஸ்வரம், கடைசியில் கெட்டிமேளத்தோடு. அதை உலகத்துக்காகத் திறந்து வைத்தேன். உலகம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வேகம் போதவில்லை என்று ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையைப் பார்த்து மோடத்தைச் சீர்திருத்தினேன். ஒயரின் நீளத்தைக் குறைத்தேன். என்னவென்றே தெரியாத எண்களையெல்லாம் மாற்றினேன். லைன் அறுந்தால் நம்மைக் கேட்காமல் தானே திரும்ப டயல் செய்யும்படியும் வைத்தேன். வேகம் அப்படியேதான் இருந்தது. ஆனால் மோடத்துக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. அந்தப் பிடிவாதத்தை நான் முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி அக்கா விஷயம். சுகந்தி அக்கா பள்ளியில் கணக்கு டீச்சர். அதற்குள் ஐந்து வரன் தட்டிப்போயிருந்தது. எங்கள் கோவைப் பக்கத்து மனிதர்களுக்கு மூஞ்சிக்கு நேராக 'வேண்டாம்' என்று சொல்ல வராது. "பாக்கலாமுங்க" என்றால் வேண்டாம். "ஊட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றமுங்க" என்றால் வேண்டவே வேண்டாம். "பொண்ணு தங்கமுங்க, ஜாதகந்தான் ஒண்ணு இடிக்குது" என்றால் வேறு இடத்தில் முடிவாகிவிட்டது. ஐந்து வீட்டாரும் இவ்வளவு மரியாதையாக அக்காவை அழவைத்தார்கள்.

ஆறாவது, அன்னூர் வரன். பெயர் பிரபு. பெண் பார்க்க வந்தபோது, "எனக்கு வண்டி ஓட்ட வராதுங்க. ரெண்டு தடவ பழகி ரெண்டு தடவையும் வேலிக்குள்ள உட்டுட்டேன். பஸ்ஸுலதான் போவேன். உங்களுக்குப் பரவாயில்லைங்களா?" என்று அக்காவிடம் கேட்டார். அவர்கள் போன பிறகு அக்கா சமையலறையில் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "பொண்ணு பாக்க வந்து உண்மையச் சொன்ன மொத ஆளும்மா இவரு." அப்படி ஒரு குரலில் அக்கா பேசி நான் கேட்டதே இல்லை. அவளுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம மூணரைக்கு மேல நல்ல நேரமுங்க. போன் போட்டுச் சொல்லிப்போடறமுங்க" என்று மாப்பிள்ளையின் அப்பா சொல்லியிருந்தார். நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம். ஆக, ஒரு மணி நேரம்தான்.

அன்று காலையிலேயே அப்பா உத்தரவு போட்டார். "இன்னிக்கு ஒருத்தரும் போனத் தொடக் கூடாது. லைன் ஃப்ரீயா இருக்கோணும்."

கேட்டதும் என் மூளையில் ஒரு பல்பு எரிந்தது. யாரும் ரிசீவரை எடுக்கப்போவதில்லை! இந்த மாதிரி நாள் இனி எப்போது கிடைக்கும்? மூன்றரைக்குத்தானே போன் வரும், நாம் மூன்று மணிக்கெல்லாம் எழுந்துவிடலாம். பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். (உங்களுக்கு என்னைச் சாத்த வேண்டும் போல இருக்கும். இருங்கள், இன்னும் இருக்கிறது.)

மூன்று மணிக்கு நான் கேட்ட பாட்டெல்லாம் இறங்கிவிட்டது. அணைக்கப் போனேன். திரையின் அடியில் ஒரு புது வரி. யாரோ ஒருவர் என் நாதஸ்வரத்தை எடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு சதவீதம்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. என் வீடு தேடி வந்த முதல் ஆள். எந்த ஊர் என்று தெரியாது. அந்தக் காலத்தில் எங்களுக்கு வெளிநாடு என்றாலே அமெரிக்காதான், அதனால் அமெரிக்காக்காரர் என்று வைத்துக்கொண்டேன். இப்போது நான் அணைத்தால் அவருக்குப் பாதியில் நின்றுபோகும். பந்தியில் உட்கார்ந்து, ரசம் வரைக்கும் வந்துவிட்ட மனிதரைத் தோளைத் தட்டி எழுப்புவதா? எங்கள் ஊரில் விரோதியைக்கூட அப்படி எழுப்ப மாட்டார்கள். இதோ, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று காத்திருந்தேன்.

மூன்றரைக்கு அறுபத்தெட்டு. கதவிடுக்கு வழியாக ஹாலைப் பார்த்தேன். அப்பா சலவை வேட்டி சட்டையில் போனுக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா விளக்கேற்றிவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். அக்கா ஒரே துணியைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் லைன் ஃப்ரீயாக இருக்க வேண்டும் என்பதற்காக மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டார்கள். அணைத்திருக்க வேண்டும். ஆனால் எழுபது வந்துவிட்டதே!

நாலு மணிக்கு எண்பத்திரண்டு. ஹாலில் அம்மாவின் குரல் கேட்டது.

"ஏனுங்க, நாமளே ஒரு போன் போட்டுக் கேட்டா என்னங்க?"

"பொண்ணு ஊட்டுக்காரங்க நாமளே கேட்டா அவுங்களுக்குச் சங்கடமாப் போயிருமல்ல? வேண்டாம்னு சொல்ல மனசு வராமத்தான் போன் போடாம இருக்காங்க. மருவாதி தெரிஞ்ச மனுசங்க. நாமளே புரிஞ்சுக்கோணும்" என்றார் அப்பா.

நாலு இருபத்தைந்துக்கு அக்கா பொறுக்க முடியாமல் எழுந்தாள். "நானே கேக்கறனுங்கப்பா" என்று ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். எங்கள் குடும்ப வரலாற்றில் எந்தப் பெண்ணும் செய்யாத காரியம். அவள் காதில் விழுந்தது 'ஙீஈஈ... கொர்ர்ர்' என்ற மோடத்தின் கூச்சல்.

ரிசீவரை வைத்துவிட்டு வந்து என் அறைக் கதவைத் திறந்தாள். நான் திரையைப் பார்த்தேன். அந்த மனிதர் தொண்ணூற்றொன்றில் நின்றிருந்தார். இணைப்பு அறுந்திருந்தது. அந்தச் சமயம் பார்த்து என் சீர்திருத்தம் வேலை செய்தது. மோடம் யாரையும் கேட்காமல் 'டிட் டிட் டிட்' என்று உற்சாகமாகத் திரும்ப டயல் செய்தது. விட்ட இடத்திலிருந்து விருந்து தொடங்கியது. தொண்ணூற்றிரண்டு.

அக்கா சுவரோடு சேர்த்து மோடம் ஒயரைப் பிடுங்கி என் மடியில் போட்டாள்.

"ரொம்பச் சந்தோசமுங்க தம்பி" என்றாள். அன்றுதான் முதல் 'ங்க'. அவள் அறைந்திருந்தால்கூடத் தேவலாம் போல் இருந்தது.

ஹாலில் கடிகாரம் நாலரை அடித்தது. ராகு காலம். இனி ஆறு மணி வரை அப்பா போனைத் தொட மாட்டார், அவர்களும் தொட மாட்டார்கள். நடந்ததைக் கேட்ட அப்பா, சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"இவன அன்னூருக்கு அனுப்புங்கப்பா" என்றாள் அக்கா.

"ராகு காலத்துலயா அம்மணி?"

"நல்ல காரியந்தானுங்கப்பா ராகு காலத்துல பண்ணக் கூடாது. இவன் போறது மன்னிப்புக் கேக்க."

மொபட்டை எடுத்தேன். சரவணம்பட்டி, கோவில்பாளையம் தாண்டி, எதிர்க்காற்றில் கண்ணில் தண்ணீர் வழிய (காற்றுதான் என்று அப்போது சொல்லிக்கொண்டேன்) ஒரு மணி நேரம் முறுக்கினேன். அக்காவின் ஆறாவது வரனும் போய்விட்டால் அந்தப் பழி என் தலைமேல்தான் என்பது மட்டும் வழியெல்லாம் ஓடியது.

அன்னூரில் அவர்கள் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. பூவும் பழமும் தட்டில் ரெடி. மாப்பிள்ளை புதுச் சட்டையில், களையில்லாத முகத்தோடு படியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா என்னைப் பார்த்து எழுந்து கும்பிட்டார்.

"வாங்க தம்பி. நீங்க எதுக்குங்க இவ்வளவு தூரம்? நாங்கதான் புரிஞ்சுக்கிட்டமே."

"என்னங்க புரிஞ்சுக்கிட்டீங்க?"

"சம்மதம் சொல்லலாம்னு மூணரைல இருந்து போட்டுப் பாத்தமுங்க. எங்கேஜ்டாவே இருந்துது. வேண்டாம்னு வாயத் தொறந்து சொல்ல மனசு வராம போன எடுத்துக் கீழ வெச்சுப்போட்டீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டோம். தப்பே இல்லீங்க. நாங்களா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்போம்." பிறகு காரைக் காட்டினார். "காங்கேயத்துல இன்னொரு எடம் வரச் சொல்லியிருந்தாங்க. ராகு காலம் முடியட்டும்னு ஒக்காந்திருக்கோம்."

எங்கள் வாயைக் கட்டிய அதே ராகு காலம் அவர்கள் காரையும் கட்டிப் போட்டிருந்தது. மணி ஐந்தே முக்கால். நான் அங்கேயே நின்று மோடம், லைன், நாதஸ்வரம், தொண்ணூற்றிரண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். மென்பொருளைச் சைகையால் விளக்கினேன். கார் டிரைவர்கூட இறங்கி வந்து கேட்டார்.

மாப்பிள்ளையின் அப்பா யோசித்தார். "அந்த அமெரிக்காக்காரரு உங்களுக்குச் சொந்தமுங்களா?"

"இல்லீங்க."

"தெரிஞ்சவருங்களா?"

"இல்லீங்க. யாருன்னே தெரியாதுங்க."

"பொறவு எதுக்குங்க அவருக்காவ காத்திருந்தீங்க?"

"பந்தியில ஒக்காந்தவரப் பாதியில எழுப்பற மாதிரி இருந்துதுங்க. மனசு வரலைங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். மாப்பிள்ளை எழுந்து நின்றிருந்தார், முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

"ஊரு பேரு தெரியாதவனக்கூட பந்தியில எழுப்ப மாட்டேங்குறாங்க. இந்த ஊட்டுப் புள்ளைய உட்டுப்போட்டுக் காங்கேயத்துக்கு எதுக்குப் போறது?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. நான் கிளம்பும்போது காதோடு கேட்டார். "கடைசியில அவரு முழுசா வாங்கிட்டாருங்களா?"

"வாங்கிட்டாருங்க" என்றேன். (வேறென்ன சொல்வேன்? பிடுங்கிப் போட்டது மணப்பெண் என்றா?)

ஆறு மணி ஒரு நிமிடத்துக்கு எங்கள் வீட்டுப் போன் அடித்தது. அப்பா பாதிப் பொத்தான் போட்ட சட்டையோடு ஓடிப்போய் எடுத்தாராம்.

கல்யாணப் பந்தியில் மாமா, அதாவது அக்காவின் மாமனார், ஓரமாக ஓர் இலை போடச் சொன்னார். "அமெரிக்காக்காரரு வருவாரு" என்று பரிமாறுகிறவரிடம் சொல்லி, இனிப்பிலிருந்து மோர் வரை எல்லாம் வைக்க வைத்தார். அன்றிலிருந்து வளைகாப்பு, காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று இந்தக் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் அந்த இலை உண்டு. சாப்பிட்டுக் கை கழுவ எழுந்திருக்கிற ஒவ்வொருவரும் என்னிடம் வந்து, "அவரு எந்திரிச்சுட்டாருங்களா?" என்று கேட்பார்கள். "இன்னும் கொஞ்சந்தானுங்க பாக்கி" என்று நான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விட மாட்டார்கள்.

அவர் முழுசாக வாங்கவில்லை என்பது எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். போன மாதம் அந்தக் காப்பியைக் குடித்துக்கொண்டே அவளிடம் மெதுவாகச் சொன்னேன். "பாவம்க்கா அந்த மனுசன். ஃபைலோட கடைசியிலதான் கெட்டிமேளம். நீ ஒயரப் புடுங்குனதுல அது மட்டும் அவருக்குப் போய்ச் சேரல."

அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"அதையும் அவருக்கு உட்டிருந்தா, எனக்கு ஏதுங்க தம்பி?"