ஜோதிலிங்கத்தின் சராசரி ஆயுள்

நாட்டின் தலைநகரில், லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் கோட்டர்ஸில் ஜோதிலிங்கத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் போட்ட கோட்டைத் தெரியாதவர்கள் கிடையாது.

மத்திய அரசின் புள்ளிவிவர ஆபீஸில் அவருக்கு வேலை. எந்த மாநிலத்தில் பிறந்த குழந்தை சராசரியாக எத்தனை வயது வரை வாழும் என்று அங்கே அட்டவணை தயாரிப்பார்கள். அதைப் பார்த்து கிராஃப் தாளில் இரண்டு கோடு போட்டு, ஃப்ரேம் செய்து ஹாலில் மாட்டியிருந்தார். நீலக் கோடு அகில இந்தியா. சிவப்புக் கோடு தமிழ்நாடு. எழுபதுகளில் இரண்டும் ஒட்டிக்கொண்டு போகும். அப்புறம் சிவப்பு மெல்ல விலகி மேலே ஏறும். தானே முதுகு கொடுத்து ஏற்றிவிட்ட மாதிரி ஜோதிலிங்கம் அதன் பக்கத்தில் நின்று காபி குடிப்பார். பஞ்சாபும் கேரளாவும் அதற்கும் மேலே இருந்தன. அவற்றுக்கு அவர் கோடு போடவில்லை. பக்கத்து வீட்டு மல்ஹோத்ரா ஜி அசல் பஞ்சாபி. விஷயம் தெரியாமல் இத்தனை வருஷமாக அந்தப் படத்தைப் பார்த்து "வாஹ், மதராஸி வாஹ்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

காலையில் வாக்கிங் போகச் சொல்லி டாக்டர் சொன்னார். மனைவி சாவித்திரி கெஞ்சினாள். "நான் கோட்டுக்கு மேல இருக்கேன். நடக்கணும்னா நீலக் கோட்டுக்காரன் நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

தொண்ணூற்றேழு ஏப்ரலில் ரிட்டையரானார். ஆபீஸில் பிரிவு உபசார விழா. மாலையும் கழுத்துமாக எழுந்து, "சொந்த ஊர் திருநெல்வேலிக்கே போகப் போகிறேன். அங்கே ஆயுள் ஜாஸ்தி. எனக்குச் சேர வேண்டிய வருஷங்களை நான் ஏன் விட வேண்டும்?" என்று முழங்கினார். கைதட்டல் பலமாக இருந்தது. வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றிய பிறகுதான், போக இஷ்டமே இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

எப்படிப் போவது? கல்யாணமான கையோடு சாவித்திரியைக் கூட்டிக்கொண்டு ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய ஊர். முதல் குளிருக்கு இரண்டு பேரும் ஒரே பஞ்சுப் போர்வைக்குள், அந்த ஊர் ரஜாய்க்குள், பல் கிட்டிக்கொண்டு கிடந்தார்கள். ஜனவரியில் புல்வெளியில் வெயில் விழும். வேர்க்கடலையை உரித்துக்கொண்டே ஆண்கள் சீட்டாடுவார்கள். பெண்கள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். மே மாதம் மொட்டை மாடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுத் தண்ணீர் தெளித்துப் படுத்தால், பக்கத்து மாடியிலிருந்து மல்ஹோத்ரா ஜியின் குறட்டை தாலாட்டு பாடும். கூலரில் வெட்டிவேர் மணக்கும். இதெல்லாம் எந்த அட்டவணையிலும் இல்லை.

ஆனால் ஆண்பிள்ளை சபையில் சொன்ன சொல்லைத் தானே மாற்றலாமா? மாற்றக் கூடாது. பெண்டாட்டி அழுதால் மாற்றிக்கொள்ளலாம். அது பெருந்தன்மை. ஆகவே சாவித்திரியை எப்படியாவது அழ வைப்பது என்று முடிவு செய்தார்.

சாவித்திரியோ அழுகிற மாதிரி தெரியவில்லை. கோட்டர்ஸை ஆகஸ்டுக்குள் காலி செய்ய வேண்டும். அவள் பாட்டுக்கு அட்டைப்பெட்டிகளில் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். ஜோதிலிங்கம் கையில் அட்டவணையோடு போய் நின்றார்.

"சாவித்திரி, இதப் பாரு. நம்மூர்ல ஆயுசு ஜாஸ்திங்கது பொறக்கும்போது போடுத கணக்கு. பச்சப்புள்ளைங்க பொழச்சுக்கிடுறதால வார ஜாஸ்தி. நாமதான் எப்பவோ பொழச்சாச்சே. அறுவது வயசுக்கு மேல எல்லா ஊரும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்."

"அச்சா. அப்ப அங்க போறதுல நஷ்டம் இல்ல."

"லாபமும் இல்லட்டி."

"நஷ்டம் இல்லேன்னா போதும். அந்தக் கயித்த எடுங்க அத்தான்."

கயிற்றை எடுத்துக் கொடுத்தார். மறுநாள் பெரிய ஆயுதத்தோடு வந்தார்.

"பொம்பளைங்களுக்கு ஆயுசு கூடன்னு போட்டிருக்கு. நான் முன்னால போயிருவேன். அங்க உனக்கு யாரு இருக்கா? இங்கன்னா உன் சிநேகிதி தமிழ்ச்செல்வி இருக்கா..." குரலைக் கொஞ்சம் நடுங்க விட்டார்.

சாவித்திரியின் கை நின்றது. ஜோதிலிங்கம் கண்ணீருக்காகக் காத்திருந்தார்.

"வாக்கிங் போனா நீங்களும் கூடக் கொஞ்ச வருஷம் இருப்பீங்கன்னு டாக்டர் சொன்னாருல்லா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல. ஜல்தி, அந்த முனையப் பிடிங்க. இறுக்கிக் கட்டணும்."

டெம்போ வருகிற நாள் விடிந்தது. சுவரில் கிராஃப் மட்டும் தொங்கியது. வெறும் ஹாலில் இருமினால் எதிரொலித்தது. சாவித்திரி காபி டம்ளரை நீட்டினாள். ஜோதிலிங்கத்தால் வாங்க முடியவில்லை.

"எனக்குப் போக இஷ்டமில்ல சாவித்திரி."

"எங்க?"

"திருநெல்வேலிக்கு. எனக்கு இந்த ஊருதான் வேணும். இங்கயே எங்கயாவது ஒரு ரூம் பாத்து இருந்துக்கிடுவோம்."

"சபையில சொன்ன சொல்லு?"

"போகுது."

"செவப்புக் கோடு?"

"கழட்டிருதேன்."

"அப்ப இனிமே தெனமும் வாக்கிங்?"

"போறேன்."

"முருகன் படத்தப் பாத்துச் சொல்லுங்க."

படம் கட்டியாகிவிட்டது. படம் இருந்த ஆணியைப் பார்த்துக் கும்பிட்டு, நடப்பேன் என்று சத்தியம் செய்தார். நெஞ்சு லேசாகிவிட்டது. கோட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பதையும் மறந்து, சாமானைத் திரும்ப எடுத்து வைக்கிற உற்சாகத்தில் முதல் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார். உள்ளே ரஜாய். அடுத்ததில் ரூம் ஹீட்டர். அதற்கடுத்ததில் ஸ்வெட்டர்களும் அவருடைய குரங்குக் குல்லாயும்.

"திருநெல்வேலி வெயிலுக்கு ரஜாய் எதுக்குட்டி?"

"திருநெல்வேலிக்கு யாரு போறா? டெம்போ இந்தா இங்கன இருக்க மயூர் விஹாருக்குல்லா போகுது. தமிழ்ச்செல்வி வீட்டு மாடிய வாடகைக்குப் பேசி ரெண்டு மாசமாச்சு. ரயில் டிக்கெட் எடுத்தாச்சான்னு ஒரு தடவையாவது உங்கள நான் கேட்டேனா?"

கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று அவர் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருந்தார்.

"எனக்கும் இந்த ஊர விட்டுப் போக மனசில்ல அத்தான்" என்றாள். அப்போதுதான் அவள் கண் லேசாகக் கலங்கியது.

"அத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா வாக்கிங் போவீங்களா?"

கடைசிப் பெட்டியிலிருந்து புத்தம்புது கான்வாஸ் ஷூவை எடுத்து அவர் காலடியில் வைத்தாள். அளவு கச்சிதமாக இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தார். கேட்டுக்கு வெளியே மல்ஹோத்ரா ஜி கைத்தடியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். முகம் அவ்வளவு நன்றாக இல்லை.

"டெம்போ பத்து மணிக்குத்தான். அதுக்குள்ள அவர்கூட ஒரு சுத்து போயிட்டு வந்துருங்க" என்றாள் சாவித்திரி. "பஞ்சாபுக்கு நீங்க ஏன் கோடு போடலங்கத நேத்துதான் அவருக்குச் சொன்னேன். பேசிக்கிட்டே நடந்தீங்கன்னா தூரம் தெரியாது."