டி பிளாக்கில் வாந்தி

ஹைதராபாத் ஹப்சிகுடாவின் அந்த அடுக்குமாடி வளாகத்தில் செவ்வாய்க்கிழமை மாலை ஆனால் லிஃப்டில் இடம் கிடைக்காது. அத்தனை பேரும் கிளப் ஹவுசுக்கு ஓடுவார்கள். அங்கே ஜுரஹர சுவாமி கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த வாரம் எந்த பிளாக்கில் காய்ச்சல், எந்த பிளாக்கில் வயிற்றுப்போக்கு என்று சொல்வார். சொன்னது அப்படியே நடக்கும். சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களும், அமீர்பேட்டில் அதைக் கற்றுக்கொடுக்கிறவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டு காப்புக்கயிறு வாங்கிப் போவார்கள். கயிறு ஐந்நூறு ரூபாய். படித்தவர்களுக்குத் தள்ளுபடி கிடையாது.

மைதிலிக்கு வயிறு எரிந்தது. அவளுடைய ஆராய்ச்சியே இந்த வளாகத்தின் கழிவுநீர்தான். ஆள் படுத்துக்கொள்ளும் முன்பே கிருமி கழிவறை வழியாக வெளியே வரத் தொடங்கிவிடும். அதனால் ஒவ்வொரு பிளாக்கின் கழிவுநீரையும் சோதித்து, திங்கள்தோறும் சங்கச் செயலாளர் ரகுநாதனிடம் அறிக்கை கொடுப்பாள். மூன்று வருட உழைப்பு. இப்போது சங்கம் அதை நிறுத்தப் போகிறது. சுவாமியே சொல்லும்போது சாக்கடையை எதற்குக் கிளற வேண்டும் என்று கேட்டார்கள். மூளையைக் கழற்றி வைத்துவிட்டால் நியாயமான கேள்விதான்.

தன் அறிக்கையைப் படித்தாரா என்று ரகுநாதனிடமே போய்க் கேட்டாள்.

"நான் எதுக்குப் படிக்கணும்? சாக்கடை சமாச்சாரம், தீட்டும்மா. நேரா சுவாமிகிட்ட குடுத்துடுவேன். ஒரு நாள் வச்சிருந்து மஞ்சத்தண்ணி தெளிச்சுத் தருவார். அப்புறம்தான் ஃபைல்ல போடுவேன்" என்றார் ரயில்வேயில் ஓய்வு பெற்ற அந்த மனிதர்.

மைதிலிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள்.

அடுத்த திங்கள் இரண்டு அறிக்கைகள் எழுதினாள். உண்மையானதை உறையில் போட்டு ஒட்டி, விவரமும் சொல்லி, சங்கத் தலைவி லலிதாவிடம் கொடுத்தாள். பொய்யானது ரகுநாதனுக்கு. அதில் ஒரே வரி: டி பிளாக்கில் வாந்திபேதிக் கிருமி ஏராளம்.

செவ்வாய் மாலை சுவாமிக்கு உடம்பு நடுங்கியது.

"டி பிளாக் மூணாவது மாடியில ஒரு தாய் வாந்தியெடுத்துத் துடிக்கிறா. எல்லா வீட்டுக்கும் கயிறு கட்டுங்க."

கும்பிடத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன. டி பிளாக் இன்னும் கட்டி முடியவில்லை. கதவில்லை, குழாயில்லை. குடியிருப்பவை புறாக்கள். லோத்குண்டாவிலிருந்து காரில் வந்து கிளப் ஹவுஸ் வாசலில் இறங்குகிறவருக்கு இது எப்படித் தெரியும்?

"புறாவுக்குக் கயிறு கழுத்துலயா, கால்லயா சுவாமி?" என்று லலிதா பணிவாகக் கேட்டாள்.

இனிமேல் குடிவரப் போகிறவர்களைச் சொன்னேன் என்று சுவாமி சமாளித்துப் பார்த்தார். லலிதா எழுந்து, ரகுநாதனின் ஃபைலிலிருந்து மஞ்சள் தண்ணீர் காயாத பொய் அறிக்கையை எடுத்து உரக்கப் படித்தாள். பிறகு உறையைப் பிரித்தாள்: ஏ பிளாக்கில் டைபாய்டுக் கிருமி கூடுகிறது, குடிநீர்த் தொட்டியை உடனே பாருங்கள். கூட்டம் சிரித்துக்கொண்டே தொட்டிக்கு ஓடியது. சுவாமி காருக்கு ஓடினார். அன்றைக்கு அவர்தான் வேகம்.

ஆராய்ச்சி தொடரலாம் என்று சங்கம் கையெழுத்துப் போட்டது. அடுத்த அறிக்கையை ரகுநாதனே படித்தார். கையுறை போட்டுக்கொண்டுதான், பரவாயில்லை, படித்தார்.

ஐயா, அம்மா, தலை எல்லோருக்கும் இலவசமாகத்தான் வந்திருக்கிறது. எப்போதாவது உபயோகித்துப் பாருங்கள். தேய்ந்துவிடாது.