மீன் லொறியில் வந்த குளிர்

வன்னி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் றோட்டு வேலைகளை மேற்பார்க்கும் எங்கள் ஓவசியரைப் போல யாரையும் நம்பாத மனிதர் ஒருவர் கிடைக்கமாட்டார். கிணற்று வாளிக்கே பூட்டுப் போட்டவர் அவர். அறுபதுகளின் தொடக்கத்தில் பரந்தனில் நான் அவருடைய பக்கத்து வளவில் குடியிருந்தேன். முதன்முதலில் அவர் என்னோடு பேசியதே, என் கோழி அவர் வீட்டை உளவு பார்க்கிறது என்று குற்றஞ்சாட்டத்தான்.

நுவரெலியாவிலிருந்து மாற்றலாகி வந்தபோது ஈரச் சாக்கில் சுற்றி இரண்டு தடிகள் கொண்டுவந்தார். பிளாக்பெரி என்ற முட்பழச் செடி. பனியில் கிடந்தாலும் சாகாது, குளிர் படாவிட்டால்தான் காய்க்காது என்று அங்கே ஒரு தோட்டக்காரன் சொல்லியிருக்கிறான். ஓவசியர் அதை நம்பாமல் ஒரு வருடம் பரந்தன் வெயிலில் வைத்துப் பார்த்தார். முள் மட்டும் அமோகமாக வந்தது.

அடுத்த வருடம் அடுப்படிக் குசினிக்குப் பின்னால் ஒரு கொட்டில் போட்டு, செடியை உள்ளே வைத்துப் பூட்டினார். காலையில் சந்தியில் காத்து நின்று, முல்லைத்தீவிலிருந்து வரும் மீன் லொறியில் மிஞ்சிய ஐஸை வாங்கிச் சாக்கில் கட்டி, சைக்கிளில் கொண்டுவந்து செடியைச் சுற்றி அடுக்கினார். களவு போய்விடும் என்ற பயத்தில் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. கோழியைத் தேடி வேலியால் எட்டிப் பார்த்த எனக்கு மட்டும் தெரியும்.

வில்லங்கம் என்னவென்றால், ஓவசியர் சுத்த சைவம். கோயிலில் புராணம் படிக்கிறவர். அவர் மீன் லொறிக்குப் பின்னால் சாக்கோடு நின்றால் ஊர் சும்மா இருக்குமா?

"இஞ்சேருங்கோ, கையை நீட்டுங்கோ. ஒருக்கா மணந்து பாப்பம்" என்றார் மனைவி.

"நீர் என்னையே சந்தேகப்படுறீர்?" என்று ஓவசியர் அதிர்ந்துபோனார். சந்தேகப்படுவது தன்னுடைய தனி உரிமை என்று நினைத்திருந்தார் பாவம்.

திருவிழா நெருங்கியதும் கோயில் மனேச்சர் நாலு பேரோடு வந்துவிட்டார்.

"ஓவசியர், கொட்டிலைத் திறந்து காட்டுங்கோ. இல்லாட்டி இந்த முறை புராணத்துக்கு வேறை ஆளைத்தான் பாக்கவேணும்."

ஓவசியருக்கு முகம் வெளிறிவிட்டது. புராணம் படிப்பது அவருக்கு உயிர். அந்தச் செடியும் உயிர். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, உள்ளுக்கு மீன் இல்லை. ஐஸ் வைச்சு ஒரு செடி வளர்க்கிறார்."

"தம்பி, ஆருக்குக் காதிலை பூ சுத்திறீர்?" என்றார் மனேச்சர்.

ஓவசியரோ என் பக்கம் திரும்பினார். "உமக்கு எப்பிடித் தெரியும்?"

பிறகு, செடியை வெட்டிவிடுவார்கள் என்று, கத்தி வைத்திருப்பவர்களை வாசல் படலைக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பூட்டைத் திறந்தார். உள்ளே மீன் வாடை குப்பென்று அடித்தது. ஐஸின் நடுவே செடி, செடியில் கறுப்பாக ஒரே ஒரு பழம். மனேச்சர் சாக்கை உதறிப் பார்த்தார், மண்ணைக் கிளறிப் பார்த்தார், கடைசியில் பெருமூச்சு விட்டார்.

"சரி, செடிதான். நேரத்துக்குப் புராணத்துக்கு வாங்கோ."

அவர்கள் போனதும், "கண்டிட்டாங்கள். இனி இது நாளைக்கு இருக்காது" என்று ஓவசியர் பழத்தைப் பிடுங்கி இரண்டாக வெட்டினார். ஒரு பாதி மனைவிக்கு, மறுபாதி எனக்கு. தனக்கென்று அவர் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

வாயில் போட்டதும் மனைவி தண்ணீர்ச் செம்பைத் தேடிக் குசினிக்குள் போய்விட்டார். எனக்கு உச்சி வரை புளித்தது.

"எப்பிடித் தம்பி?"

"தேன், அண்ணை."

அவர் அதை அப்படியே நம்பினார். மறுகேள்வி இல்லை. கண் கலங்கத் தலையாட்டிக்கொண்டு ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். அந்த மனிதர் மேல் எனக்கு அளவில்லாத பிரியம் வந்தது அந்த நிமிடத்தில்தான்.